ஒரு ஸ்க்ரூ மிச்சம்!

ரிமோட் கார் கட்டுகிறவர்கள், கட்டியதைக் கழற்றி மாற்றுகிறவர்கள், மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாமல் தவிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்கள்.

*

கிட் முழுவதையும் பூட்டி முடித்துவிட்டேன். மேஜையில் ஒரு ஸ்க்ரூவும் ஒரு பேரிங்கும் மிச்சம். ஓட்டிப் பார்க்கலாமா?
கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

ஸ்க்ரூ மட்டும் என்றால் ஓட்டலாம். பேரிங் என்றால் பிரித்துத்தான் ஆகவேண்டும். சின்ன ஸ்க்ரூ, வாஷர், இ-கிளிப் இவற்றை ஒன்றிரண்டு கூடுதலாகப் போடுவது கிட் செய்பவர்களின் வழக்கம். பேரிங்கை யாரும் இனாமாகத் தரமாட்டார்கள். அது இல்லாத இடத்தில் ஷாஃப்ட் பிளாஸ்டிக்கோடு நேரடியாக உரசும். சீக்கிரமே துளை நீள்வட்டமாகி, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டி வரும். நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிப் பாருங்கள். எது இறுக்கமாகவோ ஆட்டத்தோடோ சுற்றுகிறதோ, அங்கிருந்து பிரிக்கத் தொடங்குங்கள்.

மனம் தளராதீர்கள் தம்பி. ஜப்பானின் ஷிஸுஓகா நகரில் இருக்கும் டாமியா கம்பெனி போர்ஷே 934 மாடலைச் செய்தபோது, நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றையே வாங்கி, கடைசி ஆணி வரை பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்ட முடியாமல் போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்த 934தான் 1976இல் டாமியாவின் முதல் ரேடியோ கன்ட்ரோல் காராக வெளிவந்தது.

*

நல்ல விலை கொடுத்து வாங்கிய பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர். ஆனாலும் டாமியா கிட்டின் ஸ்க்ரூ தலைகள் மொழுக்கென்று தேய்ந்துவிடுகின்றன. முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிற கை. அதிகமாக அழுத்துகிறேனோ?
மில் ஃபிட்டர், கோவை

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. ஸ்க்ரூவும் டிரைவரும் வேறு வேறு அளவில் பிறந்தவை. டாமியா ஸ்க்ரூக்களின் தலையில் இருப்பது ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பானியத் தரத்தின்படி வெட்டிய கூட்டல் குறி. பிலிப்ஸ் போலவே தெரியும். பிலிப்ஸ் டிரைவரின் நுனியோ அந்தப் பள்ளத்தின் அடிவரை போய் உட்காராது. திருப்பத் திருப்ப மேலே ஏறி, போகிற போக்கில் விளிம்பைச் சீவிவிடும். ஜே.ஐ.எஸ். டிரைவரைப் பள்ளத்தில் வைத்துப் படுக்கையாகப் பிடித்தால்கூட ஸ்க்ரூ விழாமல் நிற்கும். அதுதான் சரியான பொருத்தத்துக்கு அடையாளம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய பைக்குகளின் கார்புரேட்டர் ஸ்க்ரூக்களை நாம் தேய்த்துத் தள்ளியதற்கும் இதே காரணம்தான்.

அமெரிக்கக் கார்களில் வேறு வம்பு. பழைய மாடல்களில் அங்குல அளவு ஆலன் ஸ்க்ரூக்கள். 5/64 அங்குலம் என்பது 1.98 மில்லிமீட்டர். அதில் நம் 2 மில்லிமீட்டர் ஆலன் கீ அநேகமாக ஒத்துப்போகும். 1/16 அங்குலம் என்பது 1.59. அதில் 1.5 கீ உள்ளே போய்விடும், ஆனால் ஆட்டம் இருக்கும். அந்தத் துளி ஆட்டம் போதும், அறுகோணம் வட்டமாகிவிடும். ஆகவே ஆலன் கீயை நுழைத்ததும் திருப்பாதீர்கள். இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அது அந்த ஸ்க்ரூவின் கீ இல்லை.

ஏற்கெனவே தேய்ந்துபோனதை எடுக்க வழி உண்டு. ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தால் சால்டரிங் அயர்ன் நுனியை அதன் தலையில் சில விநாடிகள் வையுங்கள். சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி, பிடியை விடும். உலோகத்தில் ஏறியிருந்தால் ஹேக்ஸா பிளேடால் தலையில் ஒரு கோடு அறுத்து, தட்டை டிரைவரால் திருப்புங்கள். இன்னொன்று: நீல நிற த்ரெட் லாக் உலோகத்தில் ஏறும் உலோக ஸ்க்ரூவுக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும்.

*

இ-கிளிப் மாட்டும்போது தெறித்தால் எங்கே தேடுவது?
ஆசிரியர், தஞ்சாவூர்

தேடுகிற நிலைமையே வராமல் பாருங்கள். வேலை நடக்கும் பாகத்தை, இரண்டு கைகளோடு சேர்த்து, ஒரு பெரிய கண்ணாடிப் பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டு மாட்டுங்கள். தெறித்தாலும் பைக்குள்தான் இருக்கும்.

*

ஃபோர் வீல் டிரைவ் ஷாஃப்ட் கார். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நின்ற இடத்திலேயே முனகுகிறது. மோட்டார் புதுசு, பேட்டரி ஃபுல். வெறுத்துப்போய் அலமாரியில் வைத்துவிட்டேன்.
வங்கி ஊழியர், மதுரை

அலமாரியிலிருந்து எடுங்கள், அரை மணி நேர வேலைதான். காரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். முன் சக்கரங்கள் ஒரு பக்கமும் பின் சக்கரங்கள் எதிர்ப்பக்கமும் சுற்றும் பாருங்கள். டிஃபரென்ஷியலை கியர்பாக்ஸுக்குள் வைக்கும்போது, பெரிய பல்சக்கரம் இடப்பக்கம் வரவேண்டியது வலப்பக்கம் வந்திருக்கிறது. இரண்டு டிஃப்களில் ஒன்றை மட்டும் கழற்றித் திருப்பி வையுங்கள். எதை? எந்த ஜோடிச் சக்கரம் தப்பான திசையில் சுற்றுகிறதோ அதை.

முதல் தடவை கட்டுகிறவர்களில் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். கையேட்டில் அந்தப் படம் சின்னது. டிஃபும் எந்தப் பக்கம் வைத்தாலும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். தப்பாக வைத்தால் மூடியே மூடாதபடி ஒரு சின்ன மேட்டை அச்சில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு உண்டு.

*

3300 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டார் போட்டேன். ஸ்பர் கியர் போனது. ஸ்டீல் ஸ்பர் போட்டேன், டிஃப் போனது. டிஃபை மாற்றினேன், டாக்போன் வளைந்தது. அதையும் மாற்றினேன், இப்போது கியர்பாக்ஸ் மூடியே பிளந்துவிட்டது. இதற்கு முடிவு உண்டா?
ஜவுளி வியாபாரி, ஈரோடு

உண்டு, ஆனால் நீங்கள் போகிற திசையில் இல்லை. காரில் பலவீனமான இடம் என்று ஒன்று எப்போதும் இருக்கும். அதைப் பலப்படுத்தினால் பலவீனம் ஒழியாது, அடுத்த பாகத்துக்கு இடம் மாறும். உங்கள் கடிதத்திலேயே அது மோட்டாரிலிருந்து மூடிவரை நடந்து வந்த பாதை தெரிகிறது. விலையையும் கவனியுங்கள். முதலில் உடைந்தது மலிவான பிளாஸ்டிக் ஸ்பர். கடைசியாக உடைந்தது, முழு காரையும் பிரித்தால்தான் மாற்ற முடிகிற மூடி.

ஆகவே முதல் வேலை, ஸ்டீல் ஸ்பரைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்பரையே திரும்பப் போடுங்கள். வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் செய்கிற வேலையை அது காருக்குச் செய்கிறது. ஐந்து நிமிடத்தில் மாற்றக்கூடிய, கையில் நான்கு ஸ்பேர் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பாகம் முறிவது நல்லது.

இரண்டாவது, பினியனைச் சிறியதாக்குங்கள். பிரஷ் மோட்டாருக்கு இருந்த அதே பினியனை பிரஷ்லெஸ்ஸுக்கும் வைத்தால் மோட்டார் சூடேறும், மற்ற பாகங்கள் முறியும். மூன்றாவது, உங்கள் ஈ.எஸ்.சி. என்கிற எலெக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலரில் 'பஞ்ச்' என்றொரு செட்டிங் இருந்தால் அதைக் கடைசி நிலைக்கு இறக்குங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் நொடியில்தான் பற்கள் போகின்றன. ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கும் கார் என்றால், கிளம்பும்போது அது கொஞ்சம் வழுக்கும்படி நட்டைத் தளர்த்துங்கள்.

சூட்டைக் கண்காணிப்பதும் முக்கியம். ஐந்து நிமிடம் ஓட்டியபின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை மோட்டார் மேல் காட்டுங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் உள்ளே இருக்கும் காந்தம் பலம் இழக்கும், இழந்தது திரும்பாது. ஏப்ரல் மதியத்தில் ஈரோட்டுக் காற்றே 40 டிகிரி இருக்கும்போது மோட்டாருக்கு மிஞ்சுவது பாதி இடம்தான். காலையிலோ சாயங்காலமோ ஓட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தபடியாக அலுமினியம் சஸ்பென்ஷன் ஆர்ம் வாங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். பிளாஸ்டிக் ஆர்ம் மோதும்போது வளைந்து மீளும். அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் அடியை அப்படியே சேஸிஸுக்குக் கடத்தும். ஷோகேஸில் அழகாக இருக்கும் பாகம் தரையில் செலவு வைக்கும். உடைந்ததை மாற்றுங்கள், ஏன் உடைந்தது என்று புரிந்தபின் மாற்றுங்கள்.

*

பெட்டியில் மணிக்கு 60 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
வாசகி, புதுச்சேரி

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெட்டியைக் கேட்க வேண்டாம். டாமியாவின் டிடி-02 சேஸிஸை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 8.27 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்படி கியர் வைத்து வருகிறது. 3300 கே.வி. மோட்டார் என்றால் வோல்ட்டுக்கு 3300 சுற்று, 7.4 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு 24,420 சுற்று. அதை 8.27ஆல் வகுத்தால் சக்கரத்துக்குச் சுமார் 2,950. டயரின் விட்டம் 64 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். பெருக்கினால் மணிக்குச் சுமார் 35 கி.மீ. காற்று, உராய்வு, எடை எதையும் கழிக்காத கணக்கு இது. தரையில் இன்னும் குறையும். உங்கள் காரின் கியர் விகிதத்தையும் டயர் அளவையும் போட்டுப் பாருங்கள், பெட்டியின் நாணயம் தெரிந்துவிடும்.

சின்னக் கார் வேகமாகப் போகவே போகாது என்று இதற்கு அர்த்தமில்லை. 2014இல் அமெரிக்காவின் நிக் கேஸ் தன் கையால் கட்டிய பேட்டரி கார் மணிக்கு 325 கி.மீ. தொட்டு கின்னஸில் ஏறியது.

*

சர்வோ புதுசு, ஹார்ன் புதுசு. ஒன்று மற்றதில் ஏற மறுக்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டலாமா?
டிப்ளமா மாணவர், திருச்சி

கூடாது. சர்வோ தலையில் இருக்கும் பற்களை எண்ணுங்கள். ஃபூட்டாபா வகை என்றால் 25, ஹைடெக் என்றால் 24, சான்வா என்றால் 23. ஒரு பல் வித்தியாசத்தில் தட்டி ஏற்றினால் ஏறும், ஒரு வாரம் ஓடும், பிறகு ஒரு திருப்பத்தில் ஹார்ன் மட்டும் சுற்றும், சக்கரம் நேராகப் போகும். மூன்று கம்பெனி, மூன்று பல். வாங்குகிறவர்கள் பல தலைமுறையாக இதற்கு அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்ன் வாங்கும்போது கடைக்காரரிடம் "1/10 காருக்கு" என்று கேட்காதீர்கள். "25 பல்" என்று கேளுங்கள்.

சரியான ஹார்ன் கிடைத்தபின் ஒரு வேலை பாக்கி. ரிமோட்டையும் காரையும் ஆன் செய்து, ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நடுவுக்கு வந்தபின் ஹார்னை மாட்டுங்கள். இதைச் செய்யாமல் பூட்டிய கார் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும்.

*

புது பினியன் போட்டதிலிருந்து ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம். பல் எண்ணிக்கை சரிதான்.
மொபைல் கடைக்காரர், விருதுநகர்

பல்லின் எண்ணிக்கை சரி, பல்லின் அளவு? ஜப்பானியக் கார்களில் 0.6 மாட்யூல் பரவலாக உண்டு. அமெரிக்க வழக்கம் 48 பிட்ச். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. 48 பிட்ச்சை மாட்யூல் கணக்கில் சொன்னால் 0.53. இந்த 0.07 வித்தியாசம்தான் நீங்கள் கேட்கிற சத்தம். இன்னும் சில பேட்டரி ஓடினால் பிளாஸ்டிக் ஸ்பர் வெள்ளைத் தூளாகக் கொட்டும். 0.8 மாட்யூலும் 32 பிட்ச்சும் மட்டும் ஏறக்குறைய ஒட்டிப்போகும்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் இடைவெளியில் தப்பு. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு துண்டு கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் கொடுத்து, இரண்டையும் நெருக்கி வைத்து மோட்டார் ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வந்தால் இடைவெளி சரி.

*

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஸ்பேர் பார்ட்ஸ் பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. பாகத்தின் விலையைவிட வரியும் கூரியர் கட்டணமும் அதிகம். பொழுதுபோக்கே வேண்டாம் என்று தோன்றுகிறது.
மென்பொருள் ஊழியர், சேலம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உங்கள் ஆத்திரம் நியாயமானது.

நிலவரத்தைச் சொல்கிறேன். பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று. 2023இல் 70. அதற்கு மேல் மற்ற வரிகள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குப் பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். ரிமோட்டுக்குள் ரேடியோ இருப்பதால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்த நமக்கு உரிமம் தேவையில்லை என்றாலும், அந்தக் கருவியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவின் வகை ஒப்புதல் வேண்டும். உள்நாட்டுப் பொம்மைத் தொழில் பிழைக்கட்டும், குழந்தைகளுக்கு நச்சுப் பிளாஸ்டிக் வராமல் இருக்கட்டும் என்ற நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டிஃப் எண்ணெயின் அடர்த்தியைக் கணக்குப் பார்த்து ஊற்றுகிற ஒரு மனிதர் வாங்கும் இயந்திர பாகத்தைக் கிலுகிலுப்பையோடு ஒரே தட்டில் நிறுத்துவது சரியில்லை. எத்தனையோ பிள்ளைகள் கியரையும் மின்சாரத்தையும் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளும் பொழுதுபோக்கு இது. இதற்குத் தனி வகைப்பாடு வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

அதுவரை என்ன செய்வது? காரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் ஆர்ம், ஸ்பர், டாக்போன் மூன்றும் இந்தியாவுக்குள் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காத கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரில் வாங்குங்கள். டாமியா 1150 என்று சொல்கிற பேரிங்கை உங்கள் ஊர் பேரிங் கடையில் எம்.ஆர். 115 இசட்.இசட். என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 5 மில்லிமீட்டர் உள் விட்டம், 11 வெளி விட்டம், 4 கனம். 5, 10, 4 அளவுக்கு எம்.ஆர். 105. ஒரு வெர்னியர் காலிபர் கையில் இருந்தால் பாதிப் பார்சல்கள் தேவைப்படாது. மோட்டார் மவுண்ட், ஹெக்ஸ் அடாப்டர் போன்றவற்றை நல்ல லேத் பட்டறையில் மாதிரி காட்டிக் கடைந்து வாங்கலாம். 1/10 காருக்கு ஹெக்ஸ் 12 மில்லிமீட்டர், 1/8 காருக்கு 17.

சிங்கப்பூர், துபாயிலிருந்து உறவினர்கள் வரும்போது லைப்போ பேட்டரி கொண்டுவரச் சொல்கிறீர்கள் என்றால், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை. 2எஸ் 5000 பேட்டரி என்பது 37 வாட்-ஹவர்தான். முனைகளை டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். தனி லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கு 2016 ஏப்ரலிலிருந்து உலகம் முழுக்கத் தடை. உங்கள் பேட்டரி ஆர்டர் மாதக்கணக்கில் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

*

லைப்போ பேட்டரி உப்பிவிட்டது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்தால் சரியாகுமா?
பத்தாம் வகுப்பு மாணவர், நாமக்கல்

குத்தாதே தம்பி! உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு. குத்தினால் உள் அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டுப் பற்றிக்கொள்ளும். அந்த பேட்டரியை இனி சார்ஜும் செய்யாதே. வீட்டுக்கு வெளியே, மணல் போட்ட மண் சட்டியில் வைத்துவிட்டு, அப்பாவிடமோ அம்மாவிடமோ இன்றைக்கே சொல். மின்கழிவு எடுப்பவர்களிடம் அவர்கள் ஒப்படைக்கட்டும், குப்பைத்தொட்டியில் வேண்டாம்.

அடுத்த பேட்டரி உப்பாமல் இருக்க: ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, 4.2க்கு மேலே ஏறக் கூடாது, ஓட்டாத நாட்களில் 3.8இல் இருக்க வேண்டும். ஃபுல் சார்ஜில் வாரக்கணக்காக அலமாரியில் வைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கிற தப்பு. ஈ.எஸ்.சி.யில் லைப்போ, நிக்கல் என்று மாற்றும் ஜம்பர் இருந்தால் அது லைப்போவில்தான் இருக்கிறதா என்று பார். நிக்கலில் இருந்தால் கார் பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிடும்.

*

ஷாக் அப்சார்பருக்கு சிலிக்கான் ஆயில் கிடைக்கவில்லை. தையல் மெஷின் ஆயில் ஊற்றலாமா?
தையல்காரர், சிவகாசி

வேண்டாம். அது பெட்ரோலிய எண்ணெய். ஷாக்குக்குள் இருக்கும் சிலிக்கான் ஓ-ரிங்கை ஊறவைத்து உப்பச் செய்யும். பிஸ்டன் தண்டு முதலில் மாட்டும், பிறகு ஒழுகும்.

*

என் மகனுக்குச் சின்ன வயதில் அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த ரிமோட் கார் பரணில் கிடைத்தது. பெட்டியில் டாமியா கிராஸ்ஹாப்பர் என்று இருக்கிறது. ரிமோட்டில் பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. இப்போது பேரனுக்கு ஏழு வயது. அவனோடு சேர்ந்து இதை ஓடவைக்க முடியுமா? எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், மற்றது தெரியாது.
குடும்பத் தலைவி, காரைக்குடி

கண்டிப்பாக முடியும் அம்மா. இந்தக் கட்டு கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. 1984இல் வந்த மாடல் அது. 2005இல் டாமியா மறுபடி வெளியிட்டது. அதனால் டயர், கியர், பாடி எல்லாம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய காரை எழுப்ப நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

முதலில் ரிமோட். பூத்திருப்பது கசிந்த பேட்டரியின் காரம். காதுகுடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டுத் துடையுங்கள். நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் கம்பி துருப்பிடித்து முறிந்திருந்தால் ரிமோட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எப்படியும் மாற்றத்தான் போகிறோம். அந்தக் காலத்து செட்களில் ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஜோடி கிரிஸ்டல் இருக்கும். ஒன்று தொலைந்தாலும் போச்சு.

அடுத்து காருக்குள் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்றும், செம்புத் தகடுகள் மேல் நகரும் ஒரு கையும் தெரிந்தால் அதுதான் பழைய மெக்கானிக்கல் ஸ்பீடு கன்ட்ரோலர். ஒரு சர்வோ அந்தக் கையைத் தள்ளும். மெதுவாகப் போகும்போது மிச்ச மின்சாரம் முழுவதும் அந்தப் பீங்கான் கட்டியில் சூடாக எரியும். ஓடியபின் பேரன் அதைத் தொட்டால் சுட்டுவிடும். அதைக் கழற்றி, துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். அந்த இடத்தில் சாதாரண பிரஷ் மோட்டார் ஈ.எஸ்.சி. ஒன்றும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்-ரிசீவர் ஜோடி ஒன்றும் போதும். விலை குறைந்ததே போதும், இதில் இருப்பது 380 அளவுச் சின்ன மோட்டார்.

பழைய பேட்டரி பேக் காட்மியம் வகையாக இருக்கும். காட்மியம் விஷம். பிரிக்காமல் மின்கழிவுக்குக் கொடுங்கள். புதிதாக 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் வாங்குங்கள். ஏழு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் லைப்போ வேண்டாம்.

கடைசியாக கியர்பாக்ஸ். பல வருஷத்து கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதை எடுக்காமல் ஓட்டினால் மோட்டார் திணறும். பிரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது கிரீஸைப் பற்களில் மெல்லியதாகத் தடவுங்கள். இந்த வேலையைப் பேரனிடம் கொடுங்கள். கறுப்பு கிரீஸுக்கு அடியிலிருந்து பல்சக்கரம் வெளியே வருவதை அவன்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டி முடித்ததும் எழுதுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்.

*

பாடிக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடித்தேன். முதல் மோதலிலேயே உரிந்துவிட்டது.
வாசகர், பினாங்கு

பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தான் அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் நிறத்தைக் காக்கும் கண்ணாடி. பாலிகார்பனேட்டுக்கென்று விற்கும் பெயின்ட்டாகவே இருக்கட்டும். டாமியாவில் அது பி.எஸ். வரிசை. டி.எஸ். வரிசை கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு, இதில் ஒட்டாது. உள்ளிருந்து அடிப்பதால் வரிசை தலைகீழ்: அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு, கடைசியில் பின்னணிக்கு வெள்ளை. அடிக்கும் முன் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், விரல் எண்ணெய் இருந்த இடத்தில்தான் உரியும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் மழை நாளன்று ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள், நிறம் வெளுத்துப் பூக்கும்.

*

3டி பிரின்டரில் மோட்டார் மவுண்ட் அச்சடித்தேன். காலையில் கச்சிதம். மதியம் மோட்டார் சாய்ந்துவிட்டது.
பொறியியல் மாணவி, சென்னை

பி.எல்.ஏ.வில் அச்சடித்திருப்பீர்கள். அது 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மோட்டார் அந்தச் சூட்டைச் சாதாரணமாகவே தொடும், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கார் இருந்தால் மோட்டார் ஓடக்கூட வேண்டாம். மோட்டார் பக்கத்தில் நைலான், அல்லது அலுமினியம். பம்பருக்கு டி.பி.யு. பி.எல்.ஏ.வை அளவு சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. அச்சின் படுக்கை அடுக்குகள் விசையின் போக்கிலேயே வரட்டும். அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் இழுத்தால் கையாலேயே பிய்க்கலாம்.

*

கடற்கரையில் ஓட்டலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

ஈர மணலில் ஓட்டினால் அன்று ராத்திரியே எல்லா பேரிங்கையும் கழற்றிக் கழுவி எண்ணெய் விடவேண்டும். அதற்கு மனம் இருந்தால் ஓட்டுங்கள்.

*

கட்டும் கிட்டுக்கு இவ்வளவு தொல்லை என்றால், ஓடத் தயாராக வரும் காரையே வாங்கிவிடலாமே?
அரசு ஊழியர், வேலூர்

தாராளமாக. ஓட்டுவதுதான் ஆசை என்றால் அதுதான் சரி. ஆனால் அதுவும் உடையும். உடைகிற அன்று, எந்த ஸ்க்ரூ எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் முழுக் காரையும் முதல் தடவையாகப் பிரிப்பீர்கள். ஆகவே வாங்கிய வாரமே, புதிதாக இருக்கும்போதே, ஒரு பின் சக்கரத்தை ஆக்ஸில் வரை கழற்றி, படம் எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டுங்கள்.

*

முதலில் ஆன் செய்ய வேண்டியது ரிமோட்டா, காரா?
எட்டாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

ரிமோட். அணைக்கும்போது முதலில் கார். எப்போதும் ரிமோட் உயிரோடு இருக்கும்போதுதான் காருக்கு உயிர் இருக்க வேண்டும். ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடு: சக்கரம் தரையில் படாமல் காரை ஒரு புத்தக அடுக்கின் மேல் வை, லேசாக ஆக்சிலரேட்டர் கொடு, அப்படியே ரிமோட்டை அணை. சக்கரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவர் கையேட்டில் ஃபெயில்சேஃப் பக்கத்தைப் படித்து செட் செய்தபிறகுதான் காரைத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும்.